எட்டு நாள் சாவி

இஞ்ஞாசிக்கு நான் தொண்ணூற்றாறு ரூபாய் தரவேண்டியிருந்தது. அறுபத்து நான்கு நாள் கூலி, நாள் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய். நாற்பத்தேழாம் வருஷத்துப் பாக்கி. அதை வைத்துக்கொண்டே பதினான்கு வருஷம் அவருடைய ரிப்பேர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. திண்டுக்கல் ஊரில் என்னைப் பார்த்து ‘நீ எனக்குத் தரணும்’ என்று சொல்லும் உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் எனக்குத் தரவேண்டியவர்கள்.

படத்தை நீட்டினால் அவர் உடனே பார்க்கமாட்டார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, படத்தை மடியில் கவிழ்த்து வைப்பார். முதுகைச் சுவரோடு ஒட்டுவார். இரண்டு காலையும் முன்னே நீட்டிப் பாதங்களை நிமிர்த்துவார். வலது கையைத் தொடைகளுக்கு நடுவே எதையோ பிடித்திருப்பதுபோல் வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் படம் திரும்பும். “உக்காராமப் பாத்தா அது வெறும் காயிதம்” என்பார். படத்தில் இருப்பது விமானத்தின் முன்கூண்டு. ஓட்டுகிறவர் உட்காரும் இடம், எதிரே ஒரு பலகை, பலகை நிறைய முள்ளாடும் டயல்கள், ஒரு பிடி, இரண்டு பெடல். இறக்கை தெரியாது, வால் தெரியாது, ஆளும் இருக்கமாட்டார். அதை வைத்துக்கொண்டு இன்ன விமானம் என்று சொல்லிவிடுவார் இஞ்ஞாசி. நான் பார்த்து ஒருதரம்கூடத் தப்பியதில்லை.

படம் கொண்டுவருகிறவர் பேகம்பூரில் பழைய காகித வியாபாரம் செய்யும் நூர் முகமது பாய். மதராஸிலிருந்து எடைக்கு வாங்கிவரும் மூட்டைகளில் உலகச் சண்டைக் காலத்து இங்கிலீஷ் படப் புத்தகங்களும் கிடக்கும். கூண்டுப் படம் கண்ணில் பட்டால் கிழித்து, கீழே அச்சடித்திருக்கும் பெயரை மட்டும் கத்தரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். பந்தயம் ஒரு டீ.

“சொல்லுப்பா இஞ்ஞாசி, இது என்னது?”

“மேல மூணு டயலு, கீழ மூணு டயலு. வெள்ளக்காரன் மிஷினு.”

“அது எனக்கே தெரியுது. பேரு?”

“வலது பக்கம் லீவரு ஓடுற பள்ளத்தப் பாருங்க பாய், இங்கிலீஷு எச்சு மாதிரி வெட்டியிருக்கான். ஹரிக்கேன். இதுக்குத் தரையே கெடையாது. காலு வைக்க ரெண்டு தட்டு மட்டுந்தேன். கையில இருந்து சாமான் நழுவுச்சுன்னா வயித்துக்குள்ள போயிரும்.”

பாய் சட்டைப்பையிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்து முதலில் என்னிடம் நீட்டுவார். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் நீட்டுவார். நான் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவேன். அவர் படித்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு டீ சொல்வார்.

ஒருநாள் அவர் கெட்டிக்காரத்தனமாக ஒரு முழு விமானத்தின் படத்தைக் கொண்டுவந்தார். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் தெரிகிற படம். இஞ்ஞாசி அதைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். “தெரியலயே பாய். என்னமோ மீனு மாதிரி இருக்கு” என்றார். தலைக்கு மேலே விமானம் இரைந்துகொண்டு போனால் கடைத்தெரு முழுக்க அண்ணாந்து பார்க்கும். அவர் கையில் இருக்கும் ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருப்பார். விமானத்தின் வெளிப்பக்கம் அவருக்குத் தெரியாது.

காரணம் எனக்குத் தெரியும். அவரை உள்ளே இறக்கிவிட்டதே நான்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தோல் கிடங்கில் சுமை தூக்கி, சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்து, கூலி ஆளாக இருந்து மேஸ்திரியாகி, இன்றைக்கு நாற்பது பேர் வேலை பார்க்கும் அலுமினியப் பட்டறைக்கு முதலாளி. யாரும் கைதூக்கிவிட்டு வந்தவனில்லை. இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் என் பட்டறைச் சட்டி ஒன்றாவது இருக்கும். வேடசந்தூர் மில்லுக்கு சைக்கிளில் போகிறவர்கள் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் தூக்குவாளிகளில் பாதி, ஒரு காலத்தில் பர்மா வரைக்கும் பறந்த விமானங்கள். சும்மா சொல்லவில்லை. நான்தான் உருக்கினேன்.

சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆனபோது, ராமநாதபுரம் பக்கத்தில் சண்டைக்காகப் போட்ட ஒரு விமானத் திடலில், உபயோகமில்லாத விமானங்களை உடைக்கும் வேலை மதராஸ் காண்டிராக்டர் ஒருவருக்குக் கிடைத்தது. அவருக்கு ஆள் பிடித்துக் கொடுத்த மேஸ்திரி நான். திண்டுக்கல்லிலிருந்து முப்பத்தைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் ஒரு கூட்டம் இறக்கைகளை வெட்டி இழுத்துக்கொண்டு போய்விடும். எஞ்சினைக் கழற்றிவிடுவார்கள். கையும் தலையும் போன முண்டம் மட்டும் புழுதியில் கிடக்கும். அப்போதுதான் எங்கள் முறை. ஒல்லியான ஆள் ஒருவன் மேலிருந்து கூண்டுக்குள் இறங்கி, டயல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு சாக்கில் போட்டுத் தரவேண்டும். சாக்கில் அந்த விமானத்தின் பெயரை ஒரு வெள்ளைக்கார சோல்ஜர் எழுதுவான், சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவான். அதற்குப் பிறகு கோடாலிக்காரர்கள் வருவார்கள். இஞ்ஞாசிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, அகத்திக் குச்சி மாதிரி இருப்பார். அவர்தான் உள்ளாள். அறுபத்து நான்கு நாளில் தொண்ணூறு கூண்டுக்குள் இறங்கி ஏறினார். முழு விமானம் ஒன்றைக்கூட அவர் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

உச்சி வெயிலில் இரும்புக் கூண்டுக்குள் முழங்கால் முட்ட உட்கார்ந்து தொண்ணூறு பேருடைய இடத்தைப் பிரித்துப் போட்டவர். அதனால் வந்த பழக்கங்கள் போகவில்லை. கை வைத்த நாற்காலியில் உட்காரமாட்டார். படத்தைப் பார்த்து விமானத்தின் பெயரைச் சொன்னதும் நிறுத்தமாட்டார், அதில் உட்கார்ந்தவரைப் பற்றியும் சொல்வார். “இவரு குட்டை ஆளு. பெடலு கிட்டத்துல இழுத்து வச்சிருக்கு.” “இவருக்கு மனசு சரியில்ல. கட்டவெரலு வைக்கிற எடத்துல பெயிண்ட்டத் தேச்சுத் தேச்சே எடுத்துட்டாரு.” அது வரைக்கும் எனக்குப் புரிகிறது. கூர்ந்து பார்த்தால் யாரும் சொல்லலாம். ஆனால் இருபது படத்தில் ஒன்றைப் பார்த்ததும் அவர் காலை மடக்கிக்கொள்வார். நானும் பாயும் எட்டிப் பார்ப்போம். மற்றப் படங்களைப் போலவே வெற்று இருக்கைதான் இருக்கும். “இது வேணாம் பாய். ஆளு இன்னும் எந்திரிக்கல” என்று சொல்லிப் படத்தைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பார். அந்த டீயை அவர் குடிக்கமாட்டார்.

அவருடைய தொழில் மீட்டர் ரிப்பேர். பஸ் கம்பெனிகளின் வேகமானி, தோல் கிடங்குக் கொதிகலனின் கேஜ், மில் கேஜ் எல்லாம் அவரிடம்தான் வரும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆறடிக்கு எட்டடி கடை. சுவரில் ஒரு விமான டயல் தொங்குகிறது, எத்தனை அடி உயரத்தில் பறக்கிறோம் என்று காட்டுகிற டயல். திடலிலிருந்து அவர் கொண்டுவந்த சாமான் அது ஒன்றுதான், சோல்ஜர் உடைசல் என்று தூக்கி எறிந்தது. அது உடையவில்லை. வெயில் காலத்தில் சும்மா இருக்கும். மழைக்கு முந்திய நாள், காற்று மாறும்போது, முள் மெல்ல நகர்ந்து மேலே போகும். இஞ்ஞாசி கேஜைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொல்வார்: “காலையில இருந்து எரநூறு அடி ஏறியிருக்கோம்.” ரிப்பேருக்கு வந்த டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வாசலுக்கு வந்து தரையை ஒருதரம் பார்த்துக்கொள்வார்கள்.

பாக்கி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். திடலில் அறுபத்தைந்தாம் நாள் காலை. வரிசையின் கோடியில் ஒரு ஹரிக்கேன், வந்து ஐந்து மாதமாக நிற்பது. கோடியில் இருந்ததால் இறக்கை வெட்டுகிறவர்கள்கூட முந்தின நாள்தான் அதன் பக்கம் போயிருந்தார்கள். இஞ்ஞாசி ஒரு காலை உள்ளே விட்டவர், அப்படியே வெளியே எடுத்துவிட்டார்.

“மேஸ்திரி, இதுல ஆளு இருக்காரு.”

“யாருடா?”

“தெரியல. கடிகாரம் ஓடுது.”

விமானக் கடிகாரத்துக்கு ஒருதரம் சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். தொண்ணூறு கடிகாரம் கழற்றியவருக்கு அது தெரியும். தொண்ணூறும் நின்று போனவை. “எட்டு நாள் சாவி மேஸ்திரி. அஞ்சு மாசமா நிக்கிற மிஷினுக்குள்ள யாரு வந்து சாவி குடுக்குறது?” என்று கேட்டார். கோடாலியைக் கீழே போட்டுவிட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். வேலை நின்றால் காண்டிராக்டர் என்னைத்தான் கேட்பார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: “ஏலே, ஆவிக்கு எதுக்குடா டயம்? மதுரை பஸ்ஸப் புடிக்கப் போகுதா?” முப்பத்துநாலு பேரும் சிரித்தார்கள். இஞ்ஞாசி ஏறவில்லை. பாதி வேலையில் போகிறவனுக்குப் பைசா கிடையாது என்றேன். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ரயிலடிக்கு ஒன்பது மைல், நடந்தே போனார். சூசை என்கிற இன்னொருவனை இறக்கிக் கடிகாரத்தைக் கழற்றினேன். வேலை முடிந்து ஊருக்கு வந்தால் கதை எங்களுக்கு முன்னே வந்திருந்தது. அவருக்குப் பேய் இஞ்ஞாசி என்று பெயர் விழுந்துவிட்டது. மேட்டுப்பட்டியில் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், பேயோடு பேசுகிறவனுக்குப் பெண் இல்லை என்று விலகிக்கொண்டார்கள். அவர் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசி மாதம், ஒரு மத்தியானம். பெஞ்சில் நானும் பாயும். மஞ்சள் பையோடு ஒரு அம்மாள் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.

“ஏனுங்க, ஏரோப்பிளேன் படம் பாத்துச் சொல்ற மீட்டர்காரரு...”

“நாந்தாம்மா. உக்காருங்க.”

“எம்பேரு சண்முகவள்ளிங்க. பழனிக்குப் பக்கத்தால பாலசமுத்திரம். எங்கூட்டுக்காரரு பொன்னுத்துரைங்க, சண்டையில ஏரோப்பிளேன் ஓட்டுனவரு. நாப்பத்தஞ்சுல ஒரு காயிதம் வந்துதுங்க, ஆளக் காணோமுன்னு. செத்துட்டாருன்னும் எழுதுல, இருக்காருன்னும் எழுதுல. பதனாறு வருசமாச்சுங்க.”

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். வீட்டில் சொத்துப் பிரிக்கிறார்கள். புருஷனுடைய அண்ணன் தை மாதம் பத்திரம் எழுதப் போகிறார். “அவன் செத்துட்டான்னு உன் வாயால சொல்லிப் பொட்டெடுத்துட்டு வா, நாலு ஏக்கரா கெணத்தோட எழுதித் தாரேன். உசுரோட இருக்கான்னா அவனே வந்து கேக்கட்டுமுன்னு சொல்றாருங்க. எனக்கு நெலம் வேணுமுங்க. இல்லீன்னா நாளைக்கிச் சோத்துக்கு அவங்க கையத்தான் பாக்கோணும். ஆனாத் தெரியாம எப்படீங்க அழிக்கிறது? யாராச்சும் தெரிஞ்சவங்க ஒருத்தரு சொல்லோணுமுங்க.”

பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். அதில் ஒரு படம். புருஷன் கடைசியாக அனுப்பியதாம். கூட்டாளி யாரோ அவர் தோளுக்கு மேலிருந்து எடுத்தது. பலகை, டயல்கள், அவருடைய இடது கை, ஒரு முழங்கால். பின்னால் மையில், ‘நான் ஏறுவது எப்போதும் இதில்தான்.’

இஞ்ஞாசி கையைத் துடைத்தார். கவிழ்த்து வைத்தார், முதுகை ஒட்டினார், காலை நீட்டினார். திருப்பினார்.

“ஹரிக்கேன்” என்றார். “காலு நீட்டமான ஆளு, உங்க வீட்டுக்காரரு.”

“ஆமாங்க.”

படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பாய் என்னைப் பார்த்தார். இஞ்ஞாசியின் விரல் பலகையின் இடது ஓரத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், படத்தில் விழுந்த கீறல்போல் தெரிந்த ஒன்றின் மேல் நின்றது.

“இது கொண்டை ஊசியாம்மா?”

அந்த அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. “என்னுதுங்க. ஊருக்குப் போறன்னிக்கு எந்தலையில இருந்து எடுத்துட்டுப் போனாரு. வளச்சுக் கொக்கியாட்டம் மாட்டியிருக்கேன்னு எழுதுனாருங்க.”

“இந்த மிஷின எனக்குத் தெரியும்மா. இதுக்குள்ள ஒரு காலு வச்சவன் நானு.”

திடலில் நடந்ததை அவர் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேஸ்திரி என்றுகூடச் சொல்லவில்லை. விமானம் முழுசாக வந்து நின்றதையும், கூண்டுக்குள் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வளைத்த கொண்டை ஊசி தொங்கியதையும், கடிகாரம் ஓடியதையும் சொன்னார். “மிஷினு வந்துருச்சுன்னு வச்சு அவரும் வந்துட்டாருன்னு சொல்ல முடியாதும்மா. வேற யாராச்சும் ஓட்டியாந்திருப்பாங்க. ஆனா எட்டு நாள் கடிகாரம் அஞ்சு மாசம் ஓடுச்சு. வாசல்ல காவலு. வெளியாளு வர முடியாது. உசுரோட இருக்கவரு வீட்டுக்கு வருவாரு. செத்தவருதான் சீட்ட விட்டு எந்திரிக்க முடியாம உக்காந்து சாவி குடுத்துக்கிட்டு இருப்பாரு. நான் அன்னைக்கே சொன்னேன், ஆளு இருக்காருன்னு. ஒருத்தரும் நம்பல.”

பதினான்கு வருஷம் கழித்து அவருக்கு ஒரு சாட்சி கிடைத்திருந்தது. அவர் முகத்தில் வெற்றி எதுவும் தெரியவில்லை. வெளியே மேகம் கட்டிக் கடை இருண்டுபோயிருந்தது. மூன்று ஆண்பிள்ளைகளும் அந்த அம்மாளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தோம்.

அந்த அம்மாள் அழவில்லை. “குடிக்கத் தண்ணி குடுங்க” என்றார். இஞ்ஞாசி சொம்பை நீட்டினார். குடிக்கவில்லை. முந்தானை நுனியைச் சொம்புக்குள் விட்டு நனைத்தார். நனைத்த துணி நெற்றிக்குப் போனது.

நான் எழுந்துவிட்டேன்.

“நிறுத்தும்மா. சாவி குடுத்தது நானு.”

யாருக்கும் புரியவில்லை. எனக்கே என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. நாற்பது பேர் என்னை முதலாளி என்று கூப்பிடுகிறார்கள், பஞ்சாயத்தில் நாற்காலி போடுகிறார்கள். நான் என் வாயால் இப்படி ஒன்றைச் சொன்னது அது வரைக்கும் இல்லை. சொன்னேன். திடலுக்குப் போனபோது எனக்கு வயது முப்பத்தொன்பது, கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஏழு மணிக்கு ஆளை இறக்கு, பத்தே காலுக்குச் சாக்கை எண்ணு என்று காண்டிராக்டர் சொல்வார், நான் தலையாட்டிவிட்டு நிழலைப் பார்ப்பேன். கீழே வேலை பார்க்கிற பையன்களிடம் கேட்க மானம் விடவில்லை. தினமும் விடிந்ததும், மேஸ்திரி என்பதால் காவல்காரன் என்னைத் தடுக்கமாட்டான், வரிசைக் கோடியில் இருந்த அந்த விமானத்தில் ஏறி உட்காருவேன். ஏழுக்கு ஒரு சங்கு ஊதும். அப்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். மத்தியானச் சங்குக்கும் போவேன். அப்படித்தான் நான் மணி படித்தேன். கடிகாரத்தின் விளிம்பையே திருகினால் சாவி ஏறும் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.

“வாரம் ஒருதரம் நாந்தாம்மா திருகுனேன். அது ஓடுனதுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் சம்பந்தமில்ல. அத வச்சு நீங்க பொட்ட அழிக்காதீங்க.”

நூர் முகமது பாய்தான் முதலில் பேசினார். “அப்ப அந்த ஆவி நீங்கதானா முதலாளி” என்றார். கேலியாக ஆரம்பித்தது, முடிக்கும்போது கேலியாக இல்லை.

இஞ்ஞாசி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். என் முகத்தில் எந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று தேடுகிறவர்போலப் பார்த்தார். “அன்னைக்கு நீங்க சொல்லியிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான்.

அந்த அம்மாள் மட்டும் ஈர முந்தானையைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“ஏனுங்க, நீங்க மொத மொத ஏறி உக்காந்தீங்கல்ல. அன்னிக்கு அது நின்னுட்டு இருந்துதுங்களா, ஓடிட்டு இருந்துதுங்களா?”

நின்றிருந்தது என்று சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு தீர்ந்திருக்கும். நான் என்னென்னவோ செய்து முன்னுக்கு வந்தவன். ஓட்டைச் சட்டியை நல்ல சட்டி என்று விற்றதில்லை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை, என் சம்சாரத்திடம்கூட. சொல்லாமல் இருந்தால் மறந்துவிடும் என்று நினைத்தேன், மறக்கவில்லை.

“ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சும்மா” என்றேன். “சும்மா நடந்து போனவன், டிக் டிக்குன்னு சத்தங் கேட்டுத்தான் ஏறுனேன். சீட்டுல தூசி இல்ல. யாரு சாவி குடுத்தாங்கன்னு காவக்காரன் கிட்டக் கேக்கல. கேட்டாக் கடிகாரத்தக் கழட்டிட்டுப் போயிருவானுன்னு பயம்.”

பாய் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார்.

“அப்ப உங்களுக்கு முந்தி யாரோ குடுத்திருக்காங்க” என்றார் சண்முகவள்ளி. சொம்பைக் கீழே வைத்தார். “உசுரோட வந்து குடுத்தாரோ, செத்து வந்து குடுத்தாரோ, வேற ஆரோ குடுத்தாங்களோ. அது உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியலீங்க. தெரியாம நான் அழிக்கமாட்டனுங்க. நாலு ஏக்கரா போனாப் போவுதுங்க. கையிருக்குது, களையெடுத்தாச்சும் பொழச்சுக்கறன்.”

படத்தை வாங்கி முடிச்சில் கட்டினார். நெற்றியில் ஈரம் பட்ட ஓரத்தைச் சுண்டுவிரலால் சரிசெய்துகொண்டார். மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டுவிட்டு, முதல் தூறல் விழும்போது பழனி பஸ்ஸைப் பார்த்து நடந்தார். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

பாய் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். கடையில் நாங்கள் இரண்டு பேரும்.

நான் இடுப்புப் பட்டையை அவிழ்த்தேன். “கையை நீட்டு” என்றேன். அவர் ஒரு கேஜைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வலது கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்தார். உள்ளங்கையில் ஸ்குரூ டிரைவர் பதிந்த காய்ப்பு.

பத்து ரூபாய் நோட்டாக ஒன்பது வைத்தேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினேன். அதன்மேல் ஒரு ஐந்து. அதன்மேல் ஒரு ரூபாய்க் காசு. “தொண்ணூத்தாறு. வட்டி போட்டுச் சொல்லு, அதையும் தாரேன்.”

“வட்டி வேணாம் முதலாளி.”

கை மூடவில்லை. நோட்டுகள் காற்றில் படபடத்தன, அவர் கட்டைவிரலால்கூட அழுத்தவில்லை.

“என்ன? எண்ணிட்டேனே.”

“அறுவத்தஞ்சாம் நாளும் நான் வேலைக்கு வந்தேன்” என்றார் இஞ்ஞாசி.

நான் மறுபடி பட்டைக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு ரூபாயும் ஒரு எட்டணாவும் எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.